முக்கொம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வையம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மணப்பாறை முறுக்கின் ருசிக்கு இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். அதே தண்ணீரில் தினமும் பருப்பு வேக வைக்கிற எங்களைக் கேட்டால் அல்லவா தெரியும்! அதனால் லீவு விட்டதும், "அம்மா, தண்ணி ஓடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பக்கத்திலேயே, கடவூர் மலையடிவாரத்தில், 1970-களில் கட்டிய பொன்னணியாறு அணை இருக்கிறது. மலைக் காற்று மனசுக்கு இதம். இந்தக் கடவூர்க் காடுகளைத்தான் 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்கு ராத்திரியில்தான் வெளியே வரும் என்று தெரியாமல் பகலெல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டான் என் சின்னவன். ஆனால் அணையில் தண்ணீர் பார்க்க நல்ல மழை பெய்திருக்க வேண்டுமே!

ஆகவே ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் முக்கொம்பு புறப்பட்டோம். நான், என் வீட்டுக்காரர், நாத்தனார், பிள்ளைகள் நால்வர். புளியோதரை, தயிர் சாதம், நார்த்தங்காய், ஒரு தூக்குப் போணி நிறைய நீர்மோர். திருச்சி போய், சத்திரம் பேருந்து நிலையத்தில் முக்கொம்பு பஸ் பிடித்தோம்.

அகண்டு வருகிற காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் பள்ளமானது. அதனால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தனவாம். அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் துரை இங்கே மேலணை கட்ட ஆரம்பித்தார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. பிறகு பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்குக் கண் முழுக்க ஊஞ்சல் மேலும் சறுக்குமரத்தின் மேலும்தான்!

சாப்பாடு முடிந்து நானும் நாத்தனாரும் ஆற்றோரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மகனுக்கு நாலு வயசு. எப்போது எழுந்து போனான் என்று இருவருமே கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், சுண்டல் விற்கிற அம்மாள் ஒருத்தி அவனைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறாள். இடுப்புவரை நனைந்திருந்தான். ஒரு சத்தமும் போடவில்லை பிள்ளை.

"ஏம்மா, பேச்ச அப்புறம் வச்சுக்கங்க. இது வாய்க்காலா? மேல தண்ணி தொறந்தா சட்டுனு ஏறும். மணலுக்குள்ள குழி இருக்கும், பார்த்தா தெரியாது" என்றாள்.

எனக்குக் கைகால் வெலவெலத்துப் போயிற்று. நாத்தனார் அழுதேவிட்டாள். இரண்டு பேருமே, மற்றவள் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறோம்!

தண்ணீரில் தத்தளிக்கிற குழந்தை கத்தாதாம். மூச்சுவிடவே நேரம் போதாதபோது கத்துவது எப்படி? அதனால் யாராவது ஒரு பெரியவர், 'இப்போது நான் பார்க்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி, கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால், நீச்சல் தெரியாதவர்கள் குதிக்க வேண்டாம். புடவையோ கயிறோ வீசி இழுங்கள். கரையேற்றிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள். மூச்சு திரும்பாவிட்டால் நெஞ்சை அழுத்தும் முறையும் தேவைப்படும். அதை ஊர் நர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் பழகிக்கொண்டேன்.

அந்த அம்மாளிடம் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "சுண்டல் வாங்கிக்கங்க, போதும்" என்றாள். மிச்சமிருந்த பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொடியன், நாத்தனார் பிடித்த கையை விடாமல், சுண்டலை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தான்.