திமிங்கலத்துக்குக் கவலை... கண்டுபிடித்தது எப்படி?



உங்களுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்கிறார். நீங்களும் சொல்கிறீர்கள். கடலில் நீந்தும் திமிங்கலத்துக்கு ஒரு கஷ்டம் என்றால், அதை எப்படித் தெரிந்துகொள்வது?

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் ஃபண்டி வளைகுடா இருக்கிறது. கோடைக் காலத்தில் 'ரைட் திமிங்கலம்' என்ற வகை, இரை தேடி அங்கே வரும். சுமார் 15 மீட்டர் நீளம் இருக்கும். 'ரைட்' என்றால் வலது என்று நினைத்துவிடாதீர்கள். 'வேட்டையாடச் சரியான திமிங்கலம் இதுதான்' என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது. மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், எண்ணெய் நிறையக் கிடைக்கும். என்ன கொடுமை பாருங்கள்! 1935-ல் வேட்டைக்குத் தடை வந்தது. ஆனாலும் இன்று வட அட்லாண்டிக் கடலில் மிஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவுதான்.

மீன்பிடிக் கயிறுகளில் சிக்கிச் சாகின்றன. கப்பல் மோதியும் சாகின்றன. மோதாமல் போகிற கப்பலும் சும்மா போவதில்லை. அதன் விசிறி சுழலும்போது எழும் இரைச்சல் வெகுதூரம் பரவும். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல் நீரில் 1,500 மீட்டர் செல்கிறது. திமிங்கலங்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதும் ஒலியால்தான். இரைச்சல் கூடினால் அவை உரக்கக் கூப்பிடுகின்றன. வகுப்பில் நாற்பது பேரும் சேர்ந்து பேசினால் ஆசிரியர் என்ன செய்வார்? நான் முப்பது வருஷம் செய்ததும் அதுதான். தொண்டை வற்றிப் போகும்!

சத்தத்தை அளப்பது சுலபம். தண்ணீருக்குள் மைக்கை இறக்கினால் போதும். ஆனால் அந்தச் சத்தம் திமிங்கலத்தை வாட்டுகிறதா என்று எப்படிச் சொல்வது? சத்தம் இல்லாத நாளோடு ஒப்பிட வேண்டும். கப்பல்களை எல்லாம் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்றால் நிற்குமா?

ஒரு முறை குறைந்தன. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. அதன்பின் சில நாட்கள் ஃபண்டி வளைகுடாவில் பெரிய கப்பல்களின் போக்குவரத்து குறைந்துபோனது. அப்போது அங்கே ஒரு குழு வேறு ஆராய்ச்சிக்காகக் கடல் ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொரு குழு திமிங்கலத்தின் மலத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது.

ஆமாம், மலம்தான்! மூக்கைப் பொத்தாதீர்கள். பயமோ கவலையோ வந்தால் நம் உடம்பில் சில ஹார்மோன்கள் கூடும். திமிங்கலத்துக்கும் அப்படித்தான். மிதக்கும் மலத்தைச் சோதித்தால் அந்த அளவு தெரியும். ஊசி குத்த வேண்டாம், கிட்டேயே போக வேண்டாம்.

பின்னாளில் இந்த வேலைக்கு நாய்களும் வந்தன. ஃபார்கோ என்ற ராட்வைலர் நாய் படகின் முன்னால் நின்று மோப்பம் பிடிக்கும். வாடை வரும் பக்கம் எட்டிச் சாயும். படகும் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கடல் மைலுக்கும் அப்பால் இருப்பதைக்கூட நாய்கள் கண்டுபிடித்தன!

பாஸ்டன் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் ரோசலிண்ட் ரோலண்ட் என்ற அம்மையார் தலைமையில் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். தாக்குதலுக்குப் பின் கடலில் இரைச்சல் 6 டெசிபெல் குறைந்திருந்தது. அதாவது, ஒலியின் அழுத்தம் பாதி! கவலை ஹார்மோனும் குறைந்திருந்தது. 'செப்டம்பர் வந்தாலே அப்படிக் குறையுமோ?' என்று சந்தேகம் வருகிறதா? அவர்களுக்கும் வந்தது. அடுத்த நான்கு வருடங்களின் மாதிரிகளையும் பார்த்தார்கள். அந்த வருடங்களில் செப்டம்பர் 11-க்குப் பின் அப்படிக் குறையவில்லை. 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்.

மோதல்களைக் குறைக்க, 2003-லேயே ஃபண்டியில் கப்பல் பாதையைச் சற்று கிழக்கே தள்ளிவிட்டார்கள். 2008-ல் அமெரிக்கா சில பகுதிகளில், சில மாதங்களில் பெரிய கப்பல்களுக்கு 10 நாட் வேகத்துக்கு மேல் கூடாது என்றது. மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சைக்கிளை அழுத்தி மிதித்தால் நீங்களே அந்த வேகத்தில் போய்விடலாம்.

ஆனால் திமிங்கலங்களுக்குப் பாதை மாறியது தெரியுமா? இரை இடம் மாறியதால் பல திமிங்கலங்கள் வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே தக்க பாதுகாப்பு இல்லை. 2017-ல் கனடா கடலில் மட்டும் 12 திமிங்கலங்கள் செத்தன. இப்போது அங்கே விமானங்கள் மேலிருந்து தேடுகின்றன. தண்ணீருக்குள் மைக்குகள் காது கொடுத்துக் கேட்கின்றன. கப்பல் பாதையில் ஒரு திமிங்கலத்தின் குரல் கேட்டால் போதும், அந்தப் பகுதிக் கப்பல்களுக்கு, 'மெதுவாகப் போ' என்று உத்தரவு பறக்கிறது!