பழைய இதழின் பக்கம் திரைக்கு வரும் வழி

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமம், 1964 ஜனவரியில் ‘தி மவுண்டன் பாத்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியது. முதல் ஆசிரியர் ஆர்தர் ஆஸ்பர்ன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பாங்காக்கில் கற்பித்தவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து, விடுதலையானதும் மனைவி மக்கள் ஏற்கெனவே தங்கியிருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். 1970இல் அவர் காலமான பிறகும் இதழ் தொடர்ந்தது. ஆண்டுக்கு 4 என்று வைத்தால் 50 ஆண்டுக்கே 200 இதழ்கள். பல்கலைக்கழக ஆய்விதழ் அல்ல என்றாலும், ரமணரைப் பற்றியும் அத்வைதம் பற்றியும் ஆராய்கிறவர் இதைப் புரட்டாமல் மேலே போக முடியாது. இதன் பழைய இதழ்கள் இன்று ஆசிரமத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன.

பழைய தாளை அப்படியே அலமாரியில் விட்டுவைக்க முடியாததற்கு வேதியியல் காரணம் உண்டு. மை ஊறிப் பரவாமல் இருக்க, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காகித ஆலைகள் குங்கிலியப் பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் கூழில் சேர்த்தன. இந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குகிறது. மலிவான தாளில் தங்கிவிட்ட லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறுகிறது. வெயிலும் மழைக்கால ஈரமும் மாறி மாறி வரும் ஊரில் இவை இன்னும் விரைவாக நடக்கும். மடித்த மூலை கையோடு வந்துவிடும் தாளை நூலகத்தில் புழங்கியவர்கள் அறிவார்கள்.

ஸ்கேன் செய்வது இந்த வேலையில் எளிய பாதி. 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் கொண்ட பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படம் பிடித்தால் சுமார் 49 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் 15 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 600 புள்ளிக்குப் போனால் அது நான்கு மடங்காகும். ஆனால் இப்படிக் கிடைப்பது வெறும் படம். அதில் ‘அருணாசலம்’ என்று தேடினால் ஒன்றும் வராது.

படத்தை எழுத்தாக்குவது ஓசிஆர் என்னும் மென்பொருள். ஆங்கில அச்சை அது நன்றாகவே படிக்கும். சமஸ்கிருதச் சொற்களின் மேலும் கீழும் இடும் கோடு, புள்ளிகளில்தான் தடுமாறும். தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘கொ’ என்பது கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. ஒருங்குறியிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. கண்ட வரிசையில் பதிந்தால் சொல் குலைந்துவிடும். அதோடு, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான இதழ்களில் ‘லை’க்குத் தும்பிக்கை போல் சுழித்த கொம்பு இருக்கும், ‘றா’ சேர்த்தெழுதிய ஒரே வடிவமாக இருக்கும். புதிய எழுத்தில் மட்டும் பழகிய மென்பொருள் இவற்றை வேறு எழுத்தாகவே எண்ணும். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ போன்ற ஏடுகளுக்கு, மனிதர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பதைத் தவிர இன்றும் குறுக்குவழி இல்லை.

1995இல் 10 இதழ்களோடு அமெரிக்காவில் தொடங்கிய ஜேஸ்டோர் என்னும் மின்காப்பகம் இந்த ஓசிஆர் சிக்கலுக்கு ஒரு நல்ல வழியைக் கண்டது. வாசகர் பார்ப்பது பக்கத்தின் படம். ஓசிஆர் எழுத்து அதன் பின்னால் மறைந்து நின்று தேடலுக்கு மட்டும் உதவும். எழுத்தில் பிழை இருந்தாலும் வாசகர் படிப்பது அச்சில் வந்ததையே. பழைய ஏடுகளுக்கு இந்த அடக்கமான முறையே பாதுகாப்பானது.

அடுத்தது விவரக்குறிப்பு: இதழ் எண், மாதம், கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர். ‘மவுண்டன் பாத்’தின் பிற்கால இதழ்கள் மாதப் பெயரோடு நில்லாமல் ஜயந்தி, ஆராதனை, தீபம் என்று ஆசிரம விழாக்களின் பெயரையும் தாங்கி வந்தன. ஆய்வாளர் ஒருவர் தம் அடிக்குறிப்பில் ‘ஜயந்தி இதழ்’ என்று மட்டும் எழுதியிருப்பார். கோப்பின் பெயரோ ஜனவரி என்றிருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒரு வரியைப் பட்டியலில் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அது இல்லாவிட்டால் இருக்கிற இதழே இல்லாததாகிவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அட்டவணைப் பணியில் காட்டும் பொறுமையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

கோப்பும் கெடும். வன்தட்டு பழுதாகும், படியெடுக்கும்போது ஒரு பிட் மாறினாலும் பக்கம் திறக்காமல் போகலாம். அதனால் வெவ்வேறு இடங்களில் பிரதிகள் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையில் ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து வைக்கிறார்கள். கோப்பில் மிகச் சிறிய மாற்றம் நேர்ந்தாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். ஒப்பிட்டவுடன் பழுது தெரியும்.

ஸ்கேன் முடிந்த கையோடு அச்சுப் பிரதியை எடைக்குப் போட்டுவிடவே கூடாது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் விட்டுப்போயிருக்கும். தைத்த ஓரத்தில் வரியின் கடைசி எழுத்து மறைந்திருக்கும். பல ஆண்டு கழித்து ஒரு வாசகர் 37ஆம் பக்கத்திலிருந்து நேரே 40க்குப் போகும்போதுதான் அது தெரியவரும். விடுபட்ட பக்கங்களைத் திரும்ப எடுக்க அந்தப் பழுப்பேறிய தாள் அலமாரியில் இருக்க வேண்டும்.