பிள்ளையின் குரலும் பிரிவு மூன்றும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியாயின. குழந்தைகள் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. அந்தத் தேதி தெரிந்ததிலிருந்து, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. பாடத்தின் பகுதியாகப் பிள்ளைகள் செய்த பாட்காஸ்ட்களை அதற்குள் நீக்கிவிட வேண்டுமா? இனி யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? இரண்டுக்கும் பதில், தேவையில்லை. ஆனால் அதற்கான காரணம்தான் கவலை தருகிறது.

இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத அனைவரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளும் நிறுவனம் பெற்றோரிடம் ‘சரிபார்க்கத்தக்க ஒப்புதல்’ வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடரக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று அரசு சொல்வது இதைத்தான். ஒப்புதல் தருபவர் அடையாளம் தெரிந்த, வயது வந்த ஒருவர்தானா என்பதை விதிகள் சரிபார்க்கச் சொல்கின்றன. பிள்ளைக்கு விருப்பமா என்று எந்த விதியும் கேட்கவில்லை.

இனி பிரிவு 3-க்கு வருவோம். சொந்த, குடும்பத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. ஆகவே சாப்பாட்டு மேசையில் வைத்துப் பதிவுசெய்யும் பாட்டி பேட்டி சட்டத்துக்கு வெளியே. சரிதான். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தரவுக்கு உரியவரே பொதுவெளியில் வைத்த தரவுக்கும் சட்டம் பொருந்தாது. தரவுக்கு உரியவர் யார்? குழந்தை என்றால், பெற்றோரும் அதில் அடக்கம் என்கிறது வரையறை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளைவு இது: பத்து வயதுப் பிள்ளையின் குரலை அம்மாவோ அப்பாவோ வெளியிட்ட நொடியில், அந்தக் குரல் சட்டத்தின் எழுத்துப்படி பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறது. அந்தப் பிள்ளை 18 வயதில் “அழித்துவிடுங்கள்” என்று கேட்டாலும் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

தொழில்நுட்பமும் கைகொடுக்காது. பாட்காஸ்டை ஒரு தளத்தில் ஏற்றியதும் அது ‘ஃபீட்’ என்ற எழுத்துக் கோப்பை உருவாக்குகிறது. நிகழ்ச்சியின் பெயர், அத்தியாயத் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பின் முகவரி எல்லாம் அதில் இருக்கும். பல ஃபீட்களில் உரிமையாளரின் மின்னஞ்சலும் வெளிப்படையாக இருக்கும். நிகழ்ச்சி உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய அது பயன்படுகிறது. செயலிகள் அவ்வப்போது வந்து ஃபீடைப் படித்துப் புதிய அத்தியாயங்களை எடுத்துச் செல்கின்றன. யாருடைய அனுமதியும் இல்லாமல் எந்தச் செயலியும் படிக்கலாம் என்பதுதான் பாட்காஸ்டைப் பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து விலக்கி வைத்த நல்ல வடிவமைப்பு. பிள்ளையின் குரல் என்று வரும்போது அதே திறப்பு அபாயமாகிறது. ஃபீடிலிருந்து நீங்கள் நீக்கினாலும், கேட்டவர் போனில் இறங்கிய கோப்பும் வேறு சர்வர்களில் தங்கிய நகல்களும் அப்படியே இருக்கும்.

ஆகவே பதிவுசெய்வதையும் வெளியிடுவதையும் இரண்டு தனி முடிவுகளாக வையுங்கள். படிப்பு நடப்பது முதலாவதில். கேள்விகளை எழுதி, பேட்டி எடுத்து, தேவையில்லாததை வெட்டும்போது எது முக்கியம் என்று பிள்ளை தானே முடிவெடுக்கிறது. ல, ள, ழ மயங்குகிற பிள்ளை தன் பதிவைத் திரும்பக் கேட்டுத் தானே திருத்திக்கொள்கிறது. இதில் எதற்கும் ஃபீட் தேவையில்லை. கேட்க ஆள் வேண்டும் என்றால் தாத்தா பாட்டிக்குக் கோப்பை அனுப்புங்கள். மேலும் பகிர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வெளியிட்டே ஆக வேண்டும் என்றால் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, முழுப்பெயர், தெரு, வகுப்பு நேரம் எதுவும் இல்லாமல், தனி மின்னஞ்சலில் வெளியிடுங்கள்.

மற்ற கேள்விகள்:

ஏற்கெனவே வெளியிட்டதை என்ன செய்வது? பிள்ளை வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்; புதிய நகல்களாவது குறையும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பேசினால்? அந்தக் குரல் உங்களுடையதல்ல; வெளியிடும் முன் அதன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

யூடியூபில் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் போதுமா? கருத்துப் பகுதி மூடப்படும், பார்ப்பவரைக் குறிவைக்கும் விளம்பரம் நிற்கும். பேசும் பிள்ளையின் குரல் பொதுவில்தான் இருக்கும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா? வெளியிட்டால் உரிமம் வேண்டும்.

எக்கோ அடிக்கிறதே? திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறையில் பதியுங்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா? கிடையாது.