விட்டு விட்டு வரும் இணையம்: கோளாறு வெளியிலா, வீட்டுக்குள்ளா?



நாங்கள் வியாபாரத்துக்கு வந்த காலத்தில் விருதுநகருக்கு டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். லைன் கிடைத்தால் பருப்பு விலை தெரியும். கிடைக்காவிட்டால் நேற்றைய விலைக்கே சரக்குப் போகும். இன்று நிலைமை வேறு. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் இ-வே பில் வந்தது. பில் போடுவதும், லாரி புறப்படுவதும், பணம் வந்ததைப் பார்ப்பதும் இணையத்தை நம்பியே நடக்கின்றன.

இணையம் அடியோடு நின்றுவிட்டால்கூடத் தேவலை. ஆள் வந்து சரிசெய்துவிடுவார். விட்டு விட்டு வருகிறதே, அதுதான் பெரும் தொல்லை. ஆள் வந்து பார்க்கும்போது நன்றாக இருக்கும்; அவர் தெருமுனை தாண்டியதும் போய்விடும். இந்தத் தொல்லையில் நாங்கள் பட்டதையும் கற்றதையும் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை என்று எழுதுகிறோம்.

எங்களுக்கு நேர்ந்தது

எங்கள் மண்டி காந்தி மார்க்கெட் பக்கம். வீடு ஸ்ரீரங்கத்தில். மாலைக் கணக்கு வீட்டு ரேழியில்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, திருவானைக்கோவிலில் மளிகைக் கடை வைத்திருக்கும் இருபது வருட வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பழைய பாக்கி 18,400 ரூபாயைச் செல்போனில் அனுப்பினார். அவர் போனில் பணம் போய்விட்டதாகக் காட்டியது. எங்கள் போனில் ஒன்றும் வரவில்லை. அந்தப் போனில் நாங்கள் டேட்டா போடுவதில்லை, வீட்டு வைஃபைதான். வங்கிச் செய்தி வரும் போன் மகனிடம் மண்டியில் இருந்தது.

"இன்னும் வரலீங்களே" என்றோம். அவர் முகம் சுருங்கியது. "நான் ஏமாத்துவேனா முதலாளி?" என்று கேட்டுவிட்டு, பையில் இருந்த ரொக்கத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியிருக்க மாட்டார், இணையம் வந்தது. அவர் அனுப்பிய 18,400 ரூபாய் கணக்கில் இருந்தது. அன்று இரவே போய் ரொக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த இரண்டு மாதம் சரக்கு எடுக்க வரவில்லை.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் இணையம் அறுந்திருந்தாலும் அனுப்பிய பணம் வங்கியில் சேர்ந்துவிடும். நமக்குச் செய்திதான் வராது. ஆகவே சந்தேகம் வந்தால் ஆளைச் சந்தேகிக்காமல், அவர் போனில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு வங்கிக் கணக்கில் ஒத்துப்பாருங்கள். போலிப் படத்தைக் காட்டி ஏய்ப்பவரும் இதில் அகப்படுவார். நல்லவர் மனமும் நோகாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நாங்கள் உடனே இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் மேல் பாய்ந்தோம். அவர்களின் ஆள் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காலை நேரம். "எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா" என்று சொல்லிப் போனார். எங்களுக்குக் கோபம் ஏறியதுதான் மிச்சம்.

பிறகு யோசித்தோம். கிடங்கில் சரக்குக் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பில் யாரையும் திருடன் என்பதில்லை. வரவு, இருப்பு, பற்று என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கிறோம். இதற்கும் அதுவே வழி என்று ஒரு நோட்டுப் போட்டோம். இணையம் போன நேரம், வந்த நேரம், எல்லாக் கருவியிலும் போனதா ஒன்றில் மட்டுமா, பெட்டியில் என்ன விளக்கு எரிந்தது, அந்த நேரம் வீட்டில் வேறென்ன ஓடியது ஆகியவற்றை எழுதினோம்.

உள்ளிருந்து வெளியே பாருங்கள்

இணையம் போன அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டியவை இவை:

1. பெட்டியின் விளக்குகள். கண்ணாடி இழை இணைப்பில், எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அது கம்பிக் கோளாறு; நிறுவனம்தான் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய கம்பியை ஆணியில் மடித்துக் கட்டுவது, மூட்டைக்கு அடியில் விடுவது ஆகாது. கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்துவிடும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது.

2. எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து மறுபடி எரிந்தால் மின்சாரக் கோளாறு. அடாப்டர், பிளக், சுவிட்ச் இவற்றைப் பாருங்கள்.

3. விளக்குகள் சரியாக இருந்து இணையம் மட்டும் இல்லையென்றால், பெட்டியிலிருந்து கணினிக்கு நேராக ஒரு கேபிள் போடுங்கள். கேபிளில் வந்து வைஃபையில் வராவிட்டால் கோளாறு வைஃபையில். இரண்டிலும் வராவிட்டால் பெட்டி அல்லது வெளி லைன்.

4. கணினி தெரிந்த பிள்ளைகள் 'பிங்' என்னும் கட்டளையைப் போடுவார்கள். முதலில் வீட்டுப் பெட்டியின் எண்ணுக்கு. பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 என்பது போல இருக்கும். அடுத்து வெளியே 8.8.8.8 என்ற எண்ணுக்கு. பெட்டி பதில் சொல்லி வெளியிலிருந்து பதில் வராவிட்டால் வைஃபையில் குற்றமில்லை; பெட்டி அல்லது வெளி லைன். பெட்டியே பதில் சொல்லாவிட்டால் நிறுவனத்தைத் திட்டுவது வீண்.

5. பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். மிளகாய்த் தூளும் மாவும் படிந்து காற்றுத் துளை அடைத்துக் கிடந்தாலோ, மூடிய அலமாரியில் வைத்திருந்தாலோ சூடேறித் தடுமாறும்.

நோட்டுச் சொன்ன பதில்

ஆறு நாள் எழுதினோம். ஆறு நாளும் மாலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில்தான் போயிருந்தது. ஆறு நாளும் எல்லா விளக்கும் அணைந்து எரிந்திருந்தன. நோட்டைப் பார்த்த மருமகள், "மாமா, அது நான் தண்ணி மோட்டார் போடுற நேரமாச்சே" என்றார்.

மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வீட்டு மின்னழுத்தம் ஒரு நொடி தாழும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கும். எங்களுடையது ஐந்து வருடப் பழையது, தாங்கவில்லை. பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து இணைய மூன்று நிமிடம் ஆனது. புது அடாப்டரும், ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய பேட்டரி யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். அன்றோடு நின்றது. அடாப்டர் மாற்றுவோர், பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவே புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்; ஆம்பியர் குறையக் கூடாது.

பழைய வீடுகளில் சுவர்த் தொல்லை

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டில் வைஃபை எப்போதும் மந்தம். அது வேறு காரணம். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்தவை. வைஃபையில் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரு அலைவரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும். ஆனால் அண்டை வீட்டுப் பெட்டிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேயே நெருக்கும். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றோடொன்று மோதாதவை. கூட்டம் குறைந்த தடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பெட்டியை ரேழியிலிருந்து கூடத்துக்கு, உயரமான இடத்துக்கு மாற்றினோம். பின்கட்டுக் கணினிக்குக் கேபிளே இழுத்துவிட்டோம்.

குற்றம் வெளியில் என்று உறுதியானால், புகார் செய்து புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். டிராய் அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, தீர்வு கிடைக்காதவர் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேதி, நேரம் எழுதிய நோட்டு கையில் இருந்தால் நம் பேச்சுக்கு எடை உண்டு. வேறு நிறுவனத்து சிம் உள்ள போன் ஒன்றில் டேட்டா போட்டு வைப்பதும் நல்லது. ஜி.எஸ்.டி. கணக்கைக் கடைசி நாள் மாலைக்கு வைப்பதும் கூடாது. தாமதத்துக்கு அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

திருவானைக்கோவில்காரர் இப்போது மறுபடி வருகிறார். ஆனால் பணம் அனுப்பியதும் போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்காருகிறார். முன்பெல்லாம் அப்படிக் காட்டியதில்லை. சில நூறு ரூபாய் அடாப்டருக்கு நாங்கள் கொடுத்த உண்மையான விலை அதுதான். மற்ற வணிகர்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்.