அழைத்தலும் தூய வாழ்வும்: சிலிபினில் இருந்து ஒரு பார்வை

‘மறைபணி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ‘மதமாற்றம்’ என்ற சொல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தமிழரின் சமூக வரலாற்றையும் மொழி வரலாற்றையும் படிக்கும் மாணவர்கள் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட முடியாது. அச்சு, அகராதி, பள்ளிக்கூடம் எனத் தமிழ் தொட்ட பல துறைகளில் மறைபணியாளர்களின் கைவண்ணம் உண்டு. தாயகத்தை விட்டு இவ்வளவு தூரம் வர அவர்களைத் தூண்டியது எது? அதற்குக் கிறிஸ்தவம் கூறும் விடை ‘அழைத்தல்’ என்பதாகும். அச்சிந்தனையை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழைத்தல் என்பது யாது?

‘மிஷன்’ என்னும் சொல் அனுப்புதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இயேசுவின் சீடர்களைக் குறிக்கும் ‘அப்போஸ்தலர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘அனுப்பப்பட்டவர்’ என்பதே பொருள். தமிழில் ‘திருத்தூதர்’ என்கிறோம். ஆக, மறைபணியாளர் தாமாகப் புறப்பட்டவர் அல்லர். ஒருவரால் அழைக்கப்பட்டு, அனுப்பப்பட்டவர். இதனைக் கத்தோலிக்கர் ‘இறையழைத்தல்’ என்றும் மற்றச் சபையினர் ‘ஊழிய அழைப்பு’ என்றும் வழங்குவர்.

ஆனால், அழைத்தல் அத்துடன் முடிவதில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990ஆம் ஆண்டில் மறைபணி குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். மறைபணிக்கான அழைப்பு தூய வாழ்வுக்கான அழைப்பிலிருந்தே பிறக்கிறது என்று அதில் அவர் வலியுறுத்தினார். திருச்சபை தன் நம்பிக்கையை எடுத்துரைக்கலாமேயன்றி எவர்மீதும் திணிக்கலாகாது என்பதும் அம்மடலின் கருத்தாகும். தூய்மை இல்லாத பணி வெறும் பரப்புரையாகிவிடும் என்பதே இதன் சாரம். துறவியின் பெருமை அவருடைய ஒழுக்கத்தில் இருக்கிறது என்பது தமிழ் மரபுக்கும் உடன்பாடானதே. திருக்குறளில் ‘நீத்தார் பெருமை’ என ஓர் அதிகாரமே உண்டல்லவா?

திரும்பி வராத பயணம்

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் உள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் பங்கு ஆலயமாக விளங்கி வருகிறது. இத்தகைய பங்குகள் மலாயாவில் வேரூன்றியதில் பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையின் பிரெஞ்சுக் குருக்களுக்குப் பெரும் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய இச்சபை புதுச்சேரியிலும் பணியாற்றியது, மலாயாவிலும் பணியாற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சபையின் இளங்குருக்கள் கப்பல் ஏறும் முன் பாரிசில் ஒரு வழியனுப்பு விழா நடக்கும். உறவினரும் நண்பரும் வரிசையாக வந்து அவர்களின் பாதங்களை முத்தமிடுவர். இனி முகம் காண்பதற்கில்லை என்பது இரு தரப்பினருக்கும் தெரியும். ஏனெனில், அக்குருக்கள் வாழ்நாள் முழுமைக்கும் புறப்பட்டவர்கள். பெரும்பாலோர் பணி செய்த மண்ணிலேயே மடிந்தனர். பேராக்கில் உள்ள பாகான் செராயில் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு உருவாகப் பாடுபட்ட ரெனே ஃபே அடிகளார் இச்சபையைச் சேர்ந்தவரே. இவர் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார்.

மொழி கற்றல் என்னும் தவம்

ஊரை விட்டு வருவதைவிடக் கடினமானது வந்த ஊரின் மொழியைக் கற்பது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மொழி அறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனனம் செய்தார். தெருத் தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். பின்னர் 1545இல் அவர் நம் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் அக்கடற்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது அவருடைய முயற்சியால்தான்.

படித்த ஒருவர் அயல்மொழியில் மழலையாகித் திக்கித் திணறுவதும், சிறுவர்களின் சிரிப்புக்கு ஆளாவதும் எளிதல்ல. தன் செருக்கை விட்டவரால்தான் இது இயலும். எனவே, மொழி கற்றலைத் தூய வாழ்வின் முதற்பயிற்சி என்று கூறினால் அது மிகையாகாது.

பெற்றவர் கொடுப்பவர் ஆயினர்

அழைத்தல் வெள்ளையர்க்கு மட்டும் உரியதா? இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர் இவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. அசரியா தெலுங்கு கற்று, தோர்ணக்கல் பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே 1945இல் தாம் மறையும் வரை உழைத்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானவரும் இவரே.

எடின்பரோவில் 1910இல் நடந்த உலக மறைபணி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை குறிப்பிடத்தக்கது. மேலைநாட்டு ஊழியர்கள் பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள், ஆனால் இந்தியரைச் சமமாக நடத்தும் நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். தியாகம் செய்தவரிடமும் தான் உயர்ந்தவன் என்ற எண்ணம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதே அசரியா கற்பித்த பாடம்.

மலேசியத் திருச்சபையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. உள்ளூர்க் குருக்களை உருவாக்கும் பொதுக் குருமடம் 1808இல் பினாங்கில் நிறுவப்பட்டது. கெடாவின் சுங்கை பட்டாணியில் 1932இல் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ், பேராக்கையும் உள்ளடக்கிய பினாங்கு மறைமாவட்டத்தின் ஆயராகவும், பின்னர் கோலாலம்பூர்ப் பேராயராகவும் பணியாற்றினார். 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்ந்தார். அனுப்பப்பட்டவர் விலகி நிற்க, மண்ணின் மைந்தர் பொறுப்பேற்பதே மறைபணியின் உண்மையான வெற்றி எனலாம்.

வீட்டை விட்டுப் போகாத புனிதர்கள்

அப்படியென்றால், கடல் கடந்தவருக்கு மட்டும்தான் அழைத்தலா? சிலிபின் ஆலயத்தின் பெயரே இதற்கு விடை சொல்கிறது. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் மரியன்னையைக் கண்டதாகக் கூறிய பெர்னதெத், வறுமையில் வாடிய ஒரு மாவரைப்பவரின் மகள். அப்போது அவருக்கு வயது 14. பின்னாளில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நோயாளிகளைப் பராமரித்து, தாமும் நோயுற்று 35 வயதில் இறந்தார். அவர் அயல்நாடு எதற்கும் போனதில்லை. இன்னும் வியப்பு யாதெனில், மடத்தை விட்டு வெளியே வராமல் 24 வயதில் மறைந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைத்தான், சவேரியாருக்கு இணையாக மறைபணிகளின் பாதுகாவலியாக 1927இல் திருச்சபை அறிவித்தது.

ஆக, எவ்வளவு தூரம் போனோம் என்பது அளவுகோல் அன்று. இருக்கும் இடத்தில் எவ்வளவு உண்மையாக இருக்கிறோம் என்பதே அளவுகோல்.

நமக்கு விடுக்கப்படும் அழைப்பு

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல இன்று இல்லை. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் சிலிபின் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அக்குடும்பங்களின் பிள்ளைகளே இன்று பல்கலைக்கழகங்களில் பட்டம் பயில்கின்றனர். எம்மதத்தவராயினும், பெற்றோரின் வியர்வையால் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது: நாம் பெற்றதை யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

விடுமுறையில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் செல்லும் நம் தோழர்களும் ஒரு வகையில் அனுப்பப்பட்டவர்களே. கொடுப்பவர் என்ற செருக்கோடு செல்கிறோமா, நண்பராகச் செல்கிறோமா? 1910இல் அசரியா எழுப்பிய வினா நமக்கும் உரியது. நிழற்படம் எடுத்து முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகிறோமா, அடுத்த மாதமும் அதே பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கிறோமா? நம் தொண்டு உண்மையானதா என்பதை இந்த விடையே காட்டிவிடும்.