ஒலி சொன்னது பாதி, கிணறு சொன்னது மீதி

அசாமைத் தாண்டினால் இந்திய மண்ணில் எண்ணெய் கிடையாது என்ற பேச்சு, 1950-களின் தொடக்கத்தில் அறிந்தவர் என்போர் வட்டாரத்திலேயே பலமாக அடிபட்டது. ஸ்டான்வாக் கம்பெனி 1953-ல் இந்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வங்காளப் படுகையில் தோண்டிய கிணறுகளும் வறண்டே போயின. பேசியவர்களுக்கு அது வசதியாயிற்று! வீட்டின் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீடு முழுவதும் காலி என்று தீர்ப்புக் கூறிய கதைதான் அது.

1956-ல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. அமைச்சர் கே. டி. மாளவியாவின் முயற்சியால் சோவியத் நிபுணர்கள் வந்தனர். 1958-ல் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. பிறகு, 1960-களில் ஒரு சோவியத் ஆய்வுக் கப்பல் மேற்குக் கடலில் அதிர்வலை அளவை நடத்தி, பம்பாய்க்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் பெரியதொரு பாறை மேடு புதைந்து கிடப்பதைக் காட்டியது. பல ஆண்டுகள் கழிந்து, 1974 பிப்ரவரியில், ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் மேடை அங்கே எண்ணெய் கண்டது. பம்பாய் ஹை என்று நாடறிந்த வயல் அதுவே. 1976 மே மாதம் அங்கிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினர்.

அதிர்வலை அளவை என்பது மாயமல்ல, தோழர்களே! சந்தையில் பானை வாங்கும் தாய்மார் சுண்டிப் பார்த்து வாங்குகிறார்களே, அந்த அறிவின் வளர்ச்சிதான். தரையில் வெடி வைத்தோ, கடலில் அழுத்திய காற்றை வெடுக்கென விடுவித்தோ ஒலி எழுப்புகிறார்கள். அது கீழே சென்று, பாறை மாறும் இடந்தோறும் எதிரொலித்துத் திரும்புகிறது. கப்பலின் பின்னே நீளும் வடத்தில் கோத்த ஒலிவாங்கிகள் அதைப் பதிகின்றன. பல்லாயிரம் பதிவுகளை அடுக்கினால் மேடும் பள்ளமும் பிளவும் படமாக விரிகின்றன.

ஆனால் அந்தப் படம் ஆழத்தைச் சொல்வதில்லை. ஒலி போய்வந்த நேரத்தை மட்டுமே சொல்கிறது. மீட்டர் கணக்கு வேண்டுமா? கிணற்றுக்குள் ஒலிவாங்கியை இறக்கி, மேலே ஒலி எழுப்பி, எத்தனை நொடியில் எத்தனை ஆழம் சென்றது என்று அளந்தாக வேண்டும். பத்து மீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள அடுக்குகள் பெரும்பாலும் ஒலிப்படத்தில் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். வாயுவோ இன்னும் வஞ்சகமானது. பாறையின் நுண்துளைகளில் சிறிதளவு வாயு இருந்தாலும், நிறைய இருந்தாலும், எதிரொலி ஏறத்தாழ ஒன்றுபோலவே பளிச்சிடும். பளிச்சிடலை நம்பிப் பணத்தைக் கொட்டி ஏமாந்தவர் உலகெங்கும் உண்டு.

கிணறு இதற்கு நேர்மாறு. 1927-ல் பிரான்சு நாட்டுப் பெஷல்பிரான் வயலில் ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் குழு முதன்முதலாகக் கிணற்றுக்குள் மின்கருவி இறக்கிப் பாறையை அளந்தது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், எண்ணெய் கடத்தாது. அந்த வேறுபாட்டைக் கொண்டே எது எண்ணெய், எது நீர் என்று முழக்கணக்கில் பிரித்துச் சொல்லலாம். வெட்டியெடுத்த பாறைத் துண்டு, நுண்துளை எவ்வளவு, அவை ஒன்றோடொன்று இணைந்தனவா என்பதையும் சொல்லும். ஆயினும் அந்த மின்கருவியின் பார்வை, சுற்றிலும் ஒரு சில முழத்தோடு நின்றுவிடும். அடுத்த கிணறோ அரைக் கல் தொலைவில்! இடைப்பட்ட வெளிக்கு ஒலிதான் துணை. கிணற்றில் மெய்யென்று கண்டதை ஒலிப்படத்தோடு பொருத்தி, அந்தப் பொருத்தத்தைத் துணைகொண்டு கிணறில்லாத இடத்தையும் கணிப்பதே நிபுணரின் வேலை.

பம்பாய் ஹைக்கு இது உயிர்ப் பிரச்சினை. அங்கே எண்ணெய் ஒரே குளமாகத் தேங்கி நிற்கவில்லை. சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக, நடுநடுவே மெல்லிய களிப்பாறைத் தகடுகளோடு கிடக்கிறது. முதன்மையான பாறைத்தொகுதியில் மேலே வாயு, கீழே நீர், இடையில் எண்ணெய். எந்தத் தகடு எங்கே தொடர்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று அறியாமல் வேகமாக உறிஞ்சினால், வாயு கீழிறங்கும், நீர் மேலேறும், எண்ணெய் இடையில் சிறைப்படும். 1980-களின் நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பீப்பாய் வரை எடுத்தார்கள். அழுத்தத்தைத் தாங்க நீர் செலுத்தும் வேலையோ, எண்ணெய் எடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பின்னர் உற்பத்தி சரிந்தது. நாட்டின் தேவை பெரிது, டாலர் நெருக்கடியும் இருந்தது, மறுக்கவில்லை நாம். ஆனால் பாறைக்குப் பட்ஜெட் கணக்குத் தெரியுமா?

2025 ஜனவரியில், இந்த வயலின் உற்பத்தியை உயர்த்தும் தொழில்நுட்பப் பணிக்குப் பிரிட்டனின் பி.பி. நிறுவனம் தேர்வாயிற்று. ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு. கூடுதல் உற்பத்தியால் வரும் வருவாயில் அதற்குப் பங்கும் உண்டு. வயலின் உரிமை பொதுத்துறையிடமே இருக்கிறது. உதவி பெறுவது இழுக்கு என்று நாம் கூறமாட்டோம். சோவியத் உதவியின்றி இந்த வயலே கிடைத்திருக்காது. ஆனால் அந்த உதவி நம் இளைஞர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. அரை நூற்றாண்டாகக் கடலின் நடுவே, புயலிலும் நெருப்பிலும் உயிரைப் பணயம் வைத்துத் தொழிலாளர் தோண்டிய கிணறுகளின் பதிவுகள் அத்தனையும் இப்போது புதிதாகப் படிக்கப்படுகின்றன. அந்த மேசையில் நமது நிபுணர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள், 10 ஆண்டு முடிந்தபின் அந்தக் கணிப்பைத் தாமே நடத்தும் திறன் அவர்களிடம் இருக்குமா என்பதை நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியது உறுப்பினர்களின் கடமை.