சுக்கு நூறான சந்தியாகப்பர்

இத்தாலி நாட்டில் பதுவா என்று ஒரு நகரம் இருக்கிறது. "கோடி அற்புதர்" என்று நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் போற்றும் அந்தோணியார் அடக்கமாகி இருப்பது அங்கேதான்.

அந்த ஊரின் எரெமித்தானி தேவாலயத்தில், ஒரு பணக்காரக் குடும்பத்தாரின் சிறு ஆலயம் உண்டு. அதன் சுவரில் சித்திரம் எழுத 1448-ல் நாலு ஓவியர்களை அமர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் மாந்தேனியா. தச்சரின் மகன். வயது 17!

மற்ற மூவரில் இருவர் இறந்து போனார்கள். ஒருவர் விலகிக் கொண்டார். பெரும் பகுதி வேலை இந்த வாலிபர் தலையில் விழுந்தது.

கொலைக்களம் போகும் வழி

இயேசுநாதரின் 12 சீடர்களில் ஒருவர் சந்தியாகப்பர். ஏரோது மன்னனின் கட்டளையால் வாளுக்கு இரையானவர். அவரைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள். வழியில் ஒருவன் மண்டியிடுகிறான். சாகப் போகிறவர் நின்று, அவனை ஆசீர்வதிக்கிறார். இதுதான் சித்திரம்.

பார்ப்பவர் பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல அதை எழுதினார் மாந்தேனியா. முன்னே நிற்கும் சிப்பாய்களின் பாதம் தெரியும். பின்னே நிற்பவர்களின் பாதம் தெரியாது. அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை.

1457-ல் வேலை முடிந்தது. உடனே வழக்கு வந்தது! மாதா மோட்சம் போகும் காட்சியில் 12 சீடர்களுக்குப் பதில் 8 பேரைத்தான் எழுதியிருக்கிறார் என்று, பணம் கொடுத்த விதவை அம்மாள் கோர்ட்டுக்குப் போனார். சுவரில் இடம் குறைவு, பாவம்!

விழுந்தது குண்டு

1944 மார்ச் 11. இரண்டாவது உலகப் போர். பதுவா ஜெர்மானியர் கையில் இருந்தது. நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் தேவாலயத்தின் மீது விழுந்தன. சந்தியாகப்பர் தூள் தூளானார்.

ஈரம் தாக்கியதால் முன்பே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்திருந்த சில சித்திரங்கள் மட்டும் பிழைத்தன. வழக்குக்கு உள்ளான சித்திரமும் அவற்றில் ஒன்று!

இடிபாட்டில் கிடந்த துணுக்குகளைப் பொறுக்கிப் பெட்டிகளில் போட்டு ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். மொத்தம் 80 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஈரச் சுண்ணாம்பில் எழுதிய சித்திரம் ஆனதால், வர்ணம் காரையோடு ஊறி இருந்தது. அதனால் உடைந்தும் நிறம் போகவில்லை. ஆனால் எந்தத் துண்டு எந்த இடம்? யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர் வந்தது

நல்ல வேளையாக, போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள் இருந்தன. டொமெனிகோ டொனியோலோ என்ற பௌதிக அறிஞரின் குழுவினர் 1990-க்குப் பிறகு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு துணுக்கையும் படம் பிடித்து, கம்ப்யூட்டர் மூலம் பழைய போட்டோவோடு ஒப்பிட்டார்கள். துணுக்கு எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்று அது சொன்னது.

2006-ல் சித்திரம் மறுபடி சுவரில் ஏறியது. பெரிய சாம்பல் நிறப் போட்டோ. அதன் மேல் அங்கங்கே ஒட்டிய வர்ணத் துணுக்குகள். கிடைத்தது சிறு பங்குதான்.

வெற்றிடத்தில் வர்ணம் பூசிவிட்டால் என்ன? அவர்கள் பூசவில்லை. பூசியிருந்தால் அது மாந்தேனியாவின் கை ஆகாது. பூசாததே நல்லது.

எழுதுவதற்கு முன் அவர் பேனாவால் போட்டுப் பார்த்த மாதிரிப் படம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் சந்தியாகப்பரும் இருக்கிறார், மண்டியிட்டவனும் இருக்கிறான்.